ரஷ்ய இராணுவ வான்காட்சிக்குக் குழுவாகச் செல்வது: அவர்கள் காட்டுவதும் நாம் பார்ப்பதும்

வான்நோக்கி எழுதியது:

விமான ஆர்வலர்களாகிய நாங்கள் சிலர் சேர்ந்து ரஷ்யாவில் நடக்கும் இராணுவ வான்காட்சி ஒன்றுக்குச் செல்ல வேண்டும் என்று நீண்ட நாளாகப் பேசிவருகிறோம். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜுகோவ்ஸ்கியின் மாக்ஸ் காட்சி, அல்லது மேற்கே குபின்காவுக்கு அருகில் உள்ள பேட்ரியட் பூங்காவின் ஆர்மி கண்காட்சி, இவற்றில் ஏதேனும் ஒன்றைக் குழுவாகச் சென்று பார்த்தவர்கள் இங்கே இருந்தால் தங்கள் அனுபவத்தை விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பயண ஏற்பாட்டைவிட முக்கியமாக நான் அறிய விரும்புவது வேறொன்று. உலகின் எந்த மூலையில் இருந்தாலும் காணொளியாகப் பார்த்துவிடக்கூடிய ஒன்றை அத்தனை தூரம் போய் நேரில் பார்ப்பதால் என்ன கிடைக்கிறது? அதைத் தனியாகப் பார்ப்பதற்கும் குழுவாகப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டா?

ஓடுதளத்தோரம் எழுதியது:

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1993 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடந்துவந்த மாக்ஸ் 2021 ஜூலைக்குப் பிறகு நடக்கவில்லை. 2023-க்கு அறிவிக்கப்பட்டிருந்தது கைவிடப்பட்டது. ஆகவே நீங்கள் இப்போது நுழைவுச்சீட்டுக்குப் பணம் திரட்ட வேண்டிய தேவை இல்லை. யாரேனும் மாக்ஸ் பயணம் என்று விளம்பரம் செய்தால் தேதியைக் கேளுங்கள்.

நான் 2011 மாக்ஸுக்கும், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ரஷ்ய வான்படையின் நூற்றாண்டையொட்டி அதே ஓடுதளத்தில் நடந்த காட்சிக்கும் ஒரு குழுவுடன் சென்றேன். கசான்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து புறநகர் மின்ரயில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து பேருந்து பிடித்து, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் காலைப் பொழுதில் பாதி கழிந்துவிடும். உள்ளே நுழைந்ததும் முதலில் மனத்தில் பதிவது விமானங்கள் அல்ல, அந்த இடத்தின் பரப்பு. குரோமோவ் விமானப் பறப்பு ஆய்வு நிறுவனத்தின் அந்த ஓடுதளம் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. ஒரு முனையில் ஓடத் தொடங்கும் விமானம் கானல் அலையில் நெளியும் ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். அது எந்த விமானம் என்று சொல்ல முடிவது பாதித் தூரம் வந்த பிறகுதான்.

குழுவின் பயன் என்ன என்று கேட்டீர்கள். 2011 ஆகஸ்டு 21, காட்சியின் கடைசி நாள். அந்த வாரம்தான் முதன்முறையாகப் பொதுமக்கள் முன்னிலையில் பறந்த டி-50 விமானம், அதாவது இன்றைய சு-57 போர் விமானம், மேலெழும்ப ஓடிக்கொண்டிருந்தபோது அதன் என்ஜினிலிருந்து தீ சீறியது. விமானி ஓட்டத்தைக் கைவிட்டார். வேகத்தைக் குறைக்கும் வால் குடை விரிந்து விமானம் ஓடுதளத்திலேயே நின்றது. எல்லாம் சில நொடிகளில் முடிந்தது. என் பக்கத்தில் நின்றவர் வெடிச்சத்தம் கேட்டதாகச் சொன்னார். நான் தீயைப் பார்த்தேன், சத்தத்தைப் பிரித்தறியவில்லை. எங்களில் இன்னொருவர் படக்கருவியின் கண்ணாடி வழியாகப் பின்தொடர்ந்துகொண்டிருந்ததால் அவருடைய தொடர் படங்களில் தீ எந்தப் பக்கத்து என்ஜினிலிருந்து வந்தது என்பது தெளிவாக இருந்தது. தனியாகப் போயிருந்தால், நான் கண்டதை மட்டும் முழு நிகழ்ச்சியாக நம்பி ஊர் திரும்பியிருப்பேன்.

இதைத்தான் நாங்கள் பின்னர் ஒரு முறையாகவே வைத்துக்கொண்டோம். ஒருவர் படமெடுப்பார்; ஒருவர் விமானத்தின் மூக்கருகில் எழுதப்பட்ட எண்ணையும், அப்போது சில ஆண்டுகளாகத்தான் ரஷ்ய இராணுவ விமானங்களில் எழுதப்பட்டுவந்த ஆர்எஃப் என்று தொடங்கும் பதிவெண்ணையும் குறிப்பேட்டில் எழுதுவார்; இன்னொருவர் பறப்பின் வரிசையையும் நேரத்தையும் குறிப்பார். இரவு விடுதியில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலுக்கும் உண்மையில் பறந்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு அப்போதுதான் தெரியவரும்.

அரக்கோணத்தான் எழுதியது:

ஐயா, 2012 காட்சியில் டியு-95 குண்டுவீச்சு விமானம் பறந்ததா? நான் வளர்ந்தது ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானதளத்துக்கு அருகில். 1992-இல் அந்தத் தளம் தொடங்கப்பட்டதிலிருந்து 2017 மார்ச்சில் ஓய்வுபெறும் வரை எங்கள் ஊர் வானத்தில் பறந்தவை டியு-142 விமானங்கள். டியு-95-இன் கடற்படை உடன்பிறப்பு. அந்த அதிர்வு காதில் விழுவதற்கு முன்பே ஜன்னல் கம்பியில் தெரியும். ரஷ்யர்களின் சொந்த ஊரில் அது எப்படி ஒலித்தது என்று அறிய ஆசை.

ஓடுதளத்தோரம் எழுதியது:

பறந்தது, தாழ்வாகவே பறந்தது. ஒலியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டிலும் இருப்பது அதே குஸ்னெத்சோவ் என்கே-12 என்ஜின், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன், ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். விசிறி இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தைத் தொடுவதால் எழும் அந்த முழக்கத்தை எந்த ஒலிவாங்கியும் சரியாகப் பதிவுசெய்து நான் கேட்டதில்லை. நேரில் செல்வதால் என்ன கிடைக்கும் என்று இழையைத் தொடங்கியவர் கேட்டதற்கு இதுவும் ஒரு விடை.

கழுகுப்பார்வை எழுதியது:

மேலே நண்பர் சொன்ன ஒப்பிடும் பழக்கத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். அதற்குக் காரணம் வரலாறு. ரஷ்ய இராணுவ வான்காட்சி என்பது தொடக்கம் முதலே பொதுமக்களுக்காக மட்டும் நடத்தப்பட்டதன்று. பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் அயல்நாட்டுத் தூதரக அதிகாரிகளுக்காகவும் அது நடத்தப்பட்டது. எதைக் காட்டுவது, எத்தனை முறை காட்டுவது, எவ்வளவு நெருக்கத்தில் காட்டுவது என்பதெல்லாம் தீர்மானித்துச் செய்யப்பட்டவை.

1955 ஜூலையில் மாஸ்கோவின் துஷினோ விமானதளத்தில் நடக்கவிருந்த காட்சிக்கான ஒத்திகையின்போது மியாசிஷ்சேவ் எம்-4 என்ற புதிய ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் அணியணியாகப் பறந்தன. எண்ணிப் பார்த்த அமெரிக்க அதிகாரிகள் முதலில் பத்தும், பிறகு இரண்டு அணிகளாகப் பதினெட்டும் வந்ததாகக் கணக்கிட்டனர். மொத்தம் 28. இத்தனையைக் காட்ட முடிந்தால் தொழிற்சாலையில் இன்னும் எத்தனை இருக்கும் என்ற அச்சத்தில், சோவியத் ஒன்றியம் சில ஆண்டுகளில் பல நூறு கனரகக் குண்டுவீச்சு விமானங்களைக் குவித்துவிடும் என்ற மதிப்பீடு வாஷிங்டனில் உருவாயிற்று. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமான உற்பத்தியும் விரைவுபடுத்தப்பட்டது. முதல் அணியே பார்வைக்கு எட்டாத தொலைவில் திரும்பி, வேறு சில விமானங்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி வந்தது என்பதுதான் பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1956 ஜூலை முதல் யு-2 உளவு விமானங்கள் எடுத்துவந்த படங்களில் அந்த எண்ணிக்கைக்கு ஆதாரமே இல்லை. அமெரிக்கா இறுதியில் கட்டிய பி-52 விமானங்கள் 744; எம்-4, அதன் மேம்பட்ட வடிவமான 3எம் ஆகிய இரண்டையும் சேர்த்தாலும் நூறைத் தொடவில்லை.

அடுத்தது 1961 ஜூலை 9, அதே துஷினோ. நான்கு என்ஜின்கள் கொண்ட, பார்த்தவரை மிரளவைக்கும் எம்-50 என்ற குண்டுவீச்சு விமானம் இரு மிக்-21 விமானங்கள் துணைவரக் கூட்டத்தின் தலைக்கு மேல் கடந்தது. மேற்கத்திய இதழ்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. ஆனால் அதை வடிவமைத்த மியாசிஷ்சேவின் அலுவலகம் முந்தைய ஆண்டே மூடப்பட்டுவிட்டது; திட்டம் முடிந்துபோன பிறகு, பறக்கும் நிலையில் இருந்த ஒரே ஒரு விமானத்தைத்தான் உலகுக்குக் காட்டினார்கள்.

1967 ஜூலை 9 அன்று மாஸ்கோவுக்குத் தெற்கே தொமோதெதவோ விமான நிலையத்தில் நடந்த பெரிய காட்சியிலும் இதே கதைதான். அன்று காட்டப்பட்ட, மேல்நோக்கித் தூக்கும் தனி என்ஜின்கள் பொருத்தி, குறுகிய ஓட்டத்தில் மேலெழும் சோதனை விமானங்கள் எவையும் படையில் சேரவில்லை. காட்சி என்பது ஒரு வாக்குமூலம். அதைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கக் கூடாது.

திசைகாட்டி எழுதியது:

கழுகுப்பார்வை அவர்களின் தகவல்கள் சரியானவை. முடிவுதான் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதே தொமோதெதவோவில் அன்று பறந்த மிக்-25, மிக்-23, சு-15 ஆகிய மூன்றும் பின்னாளில் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தவை. ஒரே நாளில் உண்மையும் பாசாங்கும் அருகருகே பறந்தன என்று சொல்வதே பொருந்தும்.

மேலும், தவறாகப் புரிந்துகொள்வது எப்போதும் காட்டியவரின் சூழ்ச்சியால் மட்டும் நேர்வதில்லை. மிக்-25-இன் பெரிய இறக்கையையும் அகன்ற காற்று வாயில்களையும் பார்த்த மேற்கத்திய வல்லுநர்கள் அதைச் சுழன்று சண்டையிடும் அபாரமான போர் விமானம் என்று தாங்களாகவே எண்ணிக்கொண்டார்கள். அமெரிக்காவின் எஃப்-15 போர் விமானம் உருவானதில் அந்த அச்சத்துக்குப் பங்குண்டு. 1976 செப்டம்பர் 6 அன்று தப்பியோடிய சோவியத் விமானி விக்டர் பெலென்கோ ஒரு மிக்-25-ஐ ஜப்பானின் ஹகொடாதேயில் கொண்டுபோய் இறக்கினார். பிரித்துப் பார்த்தபோது அதன் உடல் பெரும்பாலும் நிக்கல் எஃகால் ஆனது, அதனால் கனமானது, நேர்கோட்டில் அதிவேகமாகப் பாய்ந்து இடைமறிப்பதற்காகவே கட்டப்பட்டது என்பது தெரிந்தது. அந்த இறக்கை அத்தனை பெரிதாக இருந்தது அந்தக் கனத்தைத் தாங்குவதற்காக. விமானம் பொய் சொல்லவில்லை. பார்த்தவர்கள் பாதி மட்டும் பார்த்தார்கள்.

கழுகுப்பார்வை எழுதியது:

ஏற்கிறேன். எண்ணிக்கை, தயாரிப்பு நிலை ஆகியவற்றில் காட்சியை நம்பக் கூடாது. விமானத்தின் உடலமைப்பை நம்பலாம், அதுவும் அதைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால். 2021 மாக்ஸில் செக்மேட் என்ற பெயரில் பெரும் ஆரவாரத்துடன் திரைவிலக்கப்பட்ட ஒற்றை என்ஜின் சுகோய் போர் விமானமும் தரையில் வைக்கப்பட்ட மாதிரிதான். அந்தக் காட்சியில் அது பறக்கவில்லை என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகி எழுதியது:

எல்லாவற்றையும் ஆர்வத்தோடு படித்தேன். எங்கள் சூலூர் தளத்தைச் சேர்ந்த சாரங் ஹெலிகாப்டர் அணி 2021 மாக்ஸில் பறந்தபோது அதை நேரில் பார்க்க முடியாமல் போனதே என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைக் கேட்டாக வேண்டும். மேலே டியு-95-இன் முழக்கத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். 2022 பிப்ரவரிக்குப் பிறகு அதே டியு-95 விமானங்கள் உக்ரைனிய நகரங்கள் மீது ஏவுகணைகளை ஏவிவருகின்றன. இத்தனை ஆண்டு நாம் வியந்து நேசித்த ஆன்-225 பெருஞ்சரக்கு விமானம், உலகில் ஒன்றே ஒன்றாக இருந்த அந்த விமானம், அந்தப் போரின் தொடக்க நாட்களில் ஹோஸ்டோமெல் தளத்தில் அழிந்தது. இந்த நிலையில் ரஷ்ய இராணுவம் நடத்தும் ஒரு காட்சிக்குப் பணம் கட்டி, கைதட்டும் கூட்டத்தில் நாமும் போய் நிற்பது சரியா? விமானத்தை மட்டும் பார்க்கிறோம் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது என்பது என் கருத்து. 1955-இல் துஷினோவில் நின்ற கூட்டமும் அந்தக் காட்சியின் ஓர் அங்கமாகத்தான் பயன்பட்டது.

திசைகாட்டி எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. எந்த நாட்டின் இராணுவக் காட்சியிலும் நிற்பவை போர்க்கருவிகள்தாம். அவற்றில் பல எங்கோ குண்டு வீசியவை. அந்த அளவுகோலை எல்லா நாட்டுக் காட்சிகளுக்கும் பொருத்தினால் நம்மில் பலர் எங்குமே போக முடியாது என்று முன்பு நான் வாதிட்டதுண்டு. ஆயினும், போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதை நடத்தும் தரப்பின் காட்சிக்குப் போவதும், முடிந்துபோன ஒன்றின் எச்சத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை மறுக்க முடியவில்லை. இராணுவக் காட்சி வேண்டாம், அருங்காட்சியகம் போகலாம் என்பது என் நிலைப்பாடு.

ஓடுதளத்தோரம் எழுதியது:

கோவை வாசகி அவர்கள் எழுப்பிய அறக்கேள்வியோடு நடைமுறைக் கேள்வி ஒன்றும் சேர்ந்தே வருகிறது. குழுவாகப் போக எண்ணுபவர்கள் அதை முழுமையாக உணர வேண்டும். நாம் பொழுதுபோக்காகச் செய்வது, அதாவது எண்ணை எழுதுவது, எந்த விமானம் எந்தத் தளத்தில் என்று பட்டியல் போடுவது, உளவு பார்ப்பவர் செய்வதிலிருந்து வெளித்தோற்றத்தில் வேறுபட்டதல்ல. 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா வான்படைத் தளத்தில், அழைப்புடன் நடந்த ஒரு காட்சியைப் பார்க்கப் போன பிரிட்டனையும் நெதர்லாந்தையும் சேர்ந்த ஆர்வலர்கள் 14 பேர் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார்கள். பல வாரச் சிறை, மறு ஆண்டு ஏப்ரலில் தண்டனை, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை என்று ஓராண்டு அலைந்தார்கள். அது நேட்டோ கூட்டாளி நாடு, அமைதிக் காலம். குறிப்பேட்டில் எண்களை எழுதும் பழக்கத்தை அங்கிருந்த நீதிமன்றத்துக்கு விளக்கவே அத்தனை காலம் ஆயிற்று.

ரஷ்யாவில் இன்றுள்ள நிலை அதைவிடப் பன்மடங்கு கடினம். 2025 ஜூன் 1 அன்று லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன உக்ரைனிய டிரோன்கள் இர்குத்ஸ்க் பகுதியின் பெலாயா, வடக்கே ஒலென்யா உள்ளிட்ட தளங்களில் நின்ற டியு-95, டியு-22எம்3 குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கின. எந்தத் தளத்தில் எந்த விமானம் எங்கே நிற்கிறது என்ற தகவலுக்கு உயிர்விலை உண்டு என்று ஆகிவிட்ட நாட்டில், தளத்தின் வேலிக்கு வெளியே நீண்ட லென்ஸோடு நிற்கும் அயல்நாட்டவரை யாரும் ஆர்வலர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2012-இல் நாங்கள் வேலியோரம் நின்று படமெடுத்தபோது காவலர் சிரித்துக்கொண்டே கையசைத்துப் போனார். அந்த நினைவை வைத்து இன்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வரி: 2015 ஆகஸ்டு 2 அன்று ரியாசானுக்கு அருகே துப்ரோவிச்சி பயிற்சித்திடலில், பார்வையாளர் முன்னிலையில், ரஷ்ய வான்படையின் சாகச ஹெலிகாப்டர் அணியான பெர்குத்தின் மி-28 ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து விமானி ஒருவர் இறந்தார். இத்தகைய படைப்பயிற்சித் திடல் நிகழ்ச்சிகளைத் தடுப்புக் கயிற்றுக்கு மிக அருகே நின்று பார்க்கக் கூடாது.

வான்நோக்கி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எங்கள் குழுவில் இந்த இழையைப் படித்துக்காட்டினேன். இராணுவக் காட்சி என்ற எண்ணத்தை விட்டுவிட்டோம். அதில் எங்களுக்குள் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. திசைகாட்டி அவர்கள் சொன்ன அருங்காட்சியகம் மோனினோவா? அங்கே போனவர்கள் யாரேனும் உண்டா?

ஓடுதளத்தோரம் எழுதியது:

மோனினோதான், ரஷ்ய வான்படையின் மைய அருங்காட்சியகம். மாஸ்கோவுக்குக் கிழக்கே, யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்திலிருந்து மின்ரயிலில் போகலாம். 2012 காட்சி முடிந்த மறுநாள் அங்கே போனோம். உண்மையைச் சொன்னால், அந்தப் பயணத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது காட்சியைவிட இதுதான். நேற்று வானத்தில் காட்டியதற்கும் இன்று புல்லில் நிற்பதற்கும் இடையே உள்ள தொடர்பு அங்கேதான் விளங்குகிறது.

கழுகுப்பார்வை எழுதிய அந்த எம்-50 அங்கே நிற்கிறது. துஷினோவில் உலகை மிரட்டிய அதே ஒற்றை விமானம். அதன் வயிற்றுக்குக் கீழே நின்று பார்த்தால் சக்கர அமைப்பு மிதிவண்டியைப் போல முன்னும் பின்னுமாக உடலின் நடுக்கோட்டிலேயே இருப்பது தெரியும். பக்கவாட்டில் சாயாமல் தாங்க இறக்கை நுனியில் சிறு சக்கரங்கள். இறக்கை நுனியிலேயே தொங்கும் வெளி என்ஜின்களைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கும்போது, வடிவமைத்தவர்கள் எவ்வளவு துணிந்தார்கள், எங்கே திணறினார்கள் என்பது எந்தக் கட்டுரையையும்விடத் தெளிவாகப் புரிகிறது.

சற்றுத் தள்ளி சுகோய் டி-4, மூக்கு எண் 101. ஒலியைப்போல் மும்மடங்கு வேகத்துக்காக டைட்டானியத்தாலும் எஃகாலும் கட்டப்பட்டு, 1972 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்து, பத்தே பறப்புகளோடு நிறுத்தப்பட்டது. கீழே மடியும் மூக்கை மேலே உயர்த்திக்கொண்டால் விமானிக்கு முன்பக்கம் தெரியாது. பெரிஸ்கோப் வழியாகத்தான் பார்க்க வேண்டும். உலோகத் தகடுகளின் பற்றவைப்புக் கோடுகளை விரலால் தொடர்ந்துகொண்டே போகலாம். எங்கள் குழுவில் பற்றவைப்புத் தொழில் அறிந்த ஒருவர் இருந்தார். டைட்டானியத்தை அந்த நீளத்துக்கு இணைப்பது எவ்வளவு கடினம் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த விமானத்தைச் சுற்றியே பகற்பொழுதின் பெரும்பகுதி போயிற்று.

மில் வி-12 ஹெலிகாப்டரும் அங்கே உண்டு. இரண்டு பெருஞ்சுழலிகள் பக்கத்துக்கொன்றாக, ஒவ்வொன்றும் 35 மீட்டர் விட்டம். 1969 ஆகஸ்டில் 44 டன்னுக்கும் மேற்பட்ட சுமையை 2,255 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சாதனை படைத்தது. இரண்டே இரண்டு செய்தார்கள், படையில் சேரவில்லை. டியு-144 பயணிகள் விமானமும், டியு-95-இன் பழைய வடிவம் ஒன்றும் நிற்கின்றன. வண்ணம் உரிந்து, டயர்கள் அமுங்கி நிற்கும் நிலை வருத்தம் தரும். ஆனால் எதையும் யாரும் உங்களுக்காக அணிவகுத்துக் காட்டவில்லை என்பதால், நீங்களே நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

திசைகாட்டி எழுதியது:

மோனினோ போவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இந்தியக் குடிமக்கள் 2023 ஆகஸ்டு முதல் மின்விசா பெறலாம். 2022 மார்ச் முதல் நம் ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செயல்படுவதில்லை. செலவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும். டிரோன், வானொலிப் பேச்சைக் கேட்கும் கருவி ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அருங்காட்சியகத்தின் திறந்திருக்கும் நாட்களையும் படமெடுக்கும் விதிகளையும் கிளம்புமுன் உறுதிசெய்து, ரஷ்ய மொழி அறிந்த உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கு வெளியே எந்த இராணுவக் கட்டடத்தையும் படமெடுக்கக் கூடாது என்பதைக் குழுவில் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் மீறினாலும் எல்லோரும் பதில் சொல்ல நேரும்.

கோவை வாசகி எழுதியது:

போர் ஓயும்வரை மோனினோவுக்கும் நான் வரமாட்டேன். ஆனால் போவோரைக் குறை சொல்லவும் மாட்டேன். அதுவரை அரக்கோணத்தான் அவர்களுக்கு ஒரு யோசனை. ராஜாளியில் ஓய்வுபெற்ற டியு-142 ஒன்று 2017 டிசம்பர் முதல் விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே ஏறியே பார்க்கலாம்.

அரக்கோணத்தான் எழுதியது:

அம்மா, சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறினால் மறுநாள் விசாகப்பட்டினம். வான்நோக்கி அவர்களின் குழுவுக்கு இசைவு என்றால் பயண ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒருவர் படம், ஒருவர் குறிப்பேடு, ஒருவர் நேரம் என்ற அந்த முறையை அங்கேயே பழகிக்கொள்வோம். விசிறி இதழ்களை அளக்க அளவுநாடா நான் கொண்டுவருகிறேன்.